ஸ்டான்ஷன் அடியில் ஒழுகினால் சிலிக்கான் அடித்தால் போதுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் ஒன்டாரியோவில் கட்டப்பட்ட 27 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றைப் போன இலையுதிர் காலத்தில் வாங்கியிருக்கிறீர்கள். டொரண்டோ பக்கம், ஒன்டாரியோ ஏரியில் ஓட்டுவதற்கு. மழை பெய்தால் இடப்பக்க ஸ்டான்ஷன் (படகின் ஓரத்தில் பாதுகாப்புக் கயிற்றைத் தாங்கி நிற்கும் கம்பம்) ஒன்றின் அடியிலிருந்து படுக்கை மேல் சொட்டுகிறது. பக்கத்துப் படகுக்காரர் "அடியைச் சுற்றி சிலிக்கான் இழுத்து விடுங்கள், போதும்" என்கிறார். கடைக்காரர் 3எம் 5200 என்ற பசை டியூபை எடுத்து நீட்டுகிறார். இரண்டில் எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்காதீர்கள். எந்தப் பசை வாங்குவது என்பது இந்த வேலையில் கடைசிக் கேள்வி. எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

படுக்கையில் சொட்டும் தண்ணீரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்துவிடலாம். சொட்டாமல் நடுவிலேயே தங்கிவிடும் தண்ணீர்தான் படகைத் தின்னும். உங்கள் டெக், அதாவது படகின் மேல்தளம், ஒரே கட்டியான ஃபைபர்கிளாஸ் இல்லை. மேலே சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஃபைபர்கிளாஸ் அடுக்கு, கீழே அதைவிட மெல்லிய இன்னொன்று, நடுவில் பால்சா என்ற லேசான மரத்தின் துண்டுகள். அந்தக் காலத்தில் கட்டிய பெரும்பாலான படகுகளின் டெக் இப்படித்தான். எடை குறையும், விறைப்பு கூடும். அருமையான யோசனை, தண்ணீர் உள்ளே போகாத வரைக்கும்.

பால்சாவை மரநார் செங்குத்தாக நிற்கும்படி குறுக்கே அறுத்துத்தான் வைப்பார்கள். அதனால் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது என்று ஒரு வாதம் உண்டு. ஒரு மரத்துண்டுக்குள் அது சரிதான். ஆனால் டெக்கின் வளைவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக பால்சாவைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒரு மெல்லிய வலைத்துணியில் ஒட்டித்தான் வைக்கிறார்கள். சதுரங்களுக்கு நடுவே கீறல் போல இடைவெளி இருக்கும். அது முழுவதும் ரெசின் (ஃபைபர்கிளாஸை இறுக வைக்கும் பிசின்) போய் நிறைந்திருந்தால் நல்லது. நிறையாத இடத்தில் அது வாய்க்கால். ஒரு போல்ட் ஓட்டையில் நுழைந்த தண்ணீர் இந்த வாய்க்கால் வழியாக ஒரு மீட்டர் தள்ளிக்கூடப் போய் நிற்கும். உங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்து ஒன்பது சதவீதம் பருக்கும். மேலடுக்கு மரத்திலிருந்து கொஞ்சம் கழன்றுகொள்ளும். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர், அடுத்த ஜனவரியில் இன்னும் கொஞ்சம் பிரிவு. நாற்பது குளிர்காலம் இப்படிப் போயிருக்கிறது உங்கள் படகில்.

இப்போது அந்த சிலிக்கானை யோசித்துப் பாருங்கள். ஸ்டான்ஷன் தகட்டின் வெளி விளிம்பைச் சுற்றிப் பூசினால் ஒரு மாதம் சொட்டு நிற்கும். தகடு அசையும்போது எங்காவது மயிரிழை அளவு விட்டுக்கொடுக்கும். உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. படுக்கை காய்ந்துதான் இருக்கும், டெக் ஊறும். என் முதல் படகில் ஆறு ஸ்டான்ஷனுக்கும் இதைத்தான் செய்துவிட்டு, ஒழுகல் நின்றது என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மூன்றாவது வருடம் அங்கே கால் வைத்தால் பிரெட் மேல் நிற்பது போல அமுங்கியது. ஒரு கோடைகாலம் முழுக்கப் பாய் விரிக்கவில்லை, டெக்கை அறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதல் வேலை தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ஸ்டான்ஷனைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று விறைப்பாகச் சொல்லும். கெட்ட இடம் 'தொப் தொப்'. தேங்காய் தட்டி வாங்கிய காது இருந்தால் போதும், இதற்குப் பயிற்சி வேண்டாம். மந்தமாகக் கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கேபினுக்குள் இருந்து மேல்நோக்கி, கீழடுக்கை மட்டும் துளைத்து மரத்தைத் தொடும் அளவுக்கு ஒரு 3 மில்லிமீட்டர் துளை போட்டுப் பாருங்கள். டிரில் பிட்டுக்கு முன்கூட்டியே ஒரு டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டெக்கைத் தாண்டி வெளியே வந்துவிடும். வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். வடிகட்டிய டீத்தூள் மாதிரி பழுப்பாகப் பிசுபிசுவென்று வந்தால் மரம் போய்விட்டது.

போன இடம் உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் நான் கீழே சொல்லும் முறையிலேயே சுரண்டி எடுத்துவிடலாம். சாப்பாட்டுத் தட்டு அளவைத் தாண்டினால் மேலடுக்கை அறுத்துத் திறந்து மரத்தை மாற்ற வேண்டும். அது தனிக் கதை, இங்கே அதற்குள் போகவில்லை. ஊறிய பால்சாவை ஹீட்டர் வைத்துக் காயவைத்து விடலாம், அசிட்டோன் ஊற்றினால் ஈரம் வெளியே வந்துவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். ஓரத்து லேசான ஈரம் வேண்டுமானால் கோடை வெயிலில் சில வாரங்களில் காயும். கூழாகிப் போனது காய்ந்தாலும் மரமாகாது.

சரி, மரம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டான்ஷனைக் கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே ஸ்க்ரூடிரைவருடன், இன்னொருவர் கேபினுக்குள் ஸ்பேனருடன். உங்களுக்கு முந்தைய முதலாளி 5200 போட்டு ஒட்டியிருந்தால் கழற்றுவதற்குள் உயிர் போகும். அது பாலியூரித்தேன் வகைப் பசை, ஒட்டியதைத் திரும்ப எடுக்கக்கூடாது என்பதற்காகவே செய்தது. கடப்பாறை போட்டு நெம்பினால் தகட்டோடு ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சும் உரிந்து வரும். ஹீட் கன் வைத்து உலோகத்தை மெதுவாகச் சூடாக்கி, மெல்லிய கம்பியைத் தகட்டுக்கு அடியில் விட்டு ரம்பம் போல இழுத்து அறுங்கள். பழைய கிட்டார் கம்பி இதற்கு நன்றாக வேலை செய்யும். பழைய சிலிக்கான் இருந்தால் அது வேறு தலைவலி. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சிவிடும், அதன் மேல் எதுவும் ஒட்டாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரப்பிவிடுவீர்கள். முதலில் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, சிலிக்கான் எடுப்பதற்கென்று விற்கும் திரவத்தால் துடைத்து, அதற்கு அப்புறம்தான் உப்புத்தாள்.

போல்ட்கள் கையில் வந்ததும் தூக்கிப் போடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். தலைப்பக்கம் பளபளவென்று இருக்கும், நட் பக்கம் மரை ஒழுங்காக இருக்கும், நடுவில் மட்டும் எலி கடித்தது போல இளைத்திருக்கும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே படரும் ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். அந்தப் படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈர மரத்துக்குள் காற்று போகாமல் நனைந்துகொண்டே இருக்கும் போல்டுக்கு அது கிடைப்பதில்லை. தகட்டின் அடியிலிருந்து டெக்கில் வழியும் பழுப்புக் கண்ணீர்க் கோடு பல படகுகளில் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை, உள்ளே இது நடக்கிறது என்பதற்கான தந்தி. பழைய போல்ட்களைத் திரும்பப் போடாதீர்கள். 316 தரம் வாங்குங்கள். 304 கொஞ்சம் மலிவு, ஆனால் இந்த அரிப்புக்கு இன்னும் சீக்கிரம் மடங்கும்.

இப்போது முக்கியமான வேலை, ஓட்டை. போல்ட் போகும் வழியில் எங்கேயும் மரம் தென்படக்கூடாது. அவ்வளவுதான் தத்துவம். மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் எபாக்ஸியை (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றி இறுக வைத்து, அந்த எபாக்ஸிக் கட்டிக்கு நடுவில் புதிதாகத் துளை போட வேண்டும். அதன் பிறகு பசை என்றைக்காவது விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் எபாக்ஸிக் குழாய் வழியாக நேரே கீழே இறங்கிப் படுக்கையில் சொட்டும். நீங்களும் திட்டிக்கொண்டே ஒரு சனிக்கிழமை சரிசெய்வீர்கள். டெக்குக்கு ஒன்றும் ஆகாது.

செய்வது எப்படி? ஒரு ஆலன் கீயின் குட்டைக் காலை அரை அங்குலம் விட்டு வெட்டி, முனையைக் கொஞ்சம் கூர்மையாக்கி, நீளக் காலை டிரில்லில் மாட்டிக்கொள்ளுங்கள். இருக்கும் ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றினால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் உள்ள மரத்தை மட்டும் சுற்றிலும் அரை அங்குலத்துக்குச் சீவி எடுக்கும். வளைத்த ஆணியும் போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துகள் கண்ணை நோக்கித்தான் வரும். வேக்குவம் கிளீனரால் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள். இதற்குப் பதிலாக மேலிருந்து அரை அங்குல பிட்டால் மேலடுக்கையும் மரத்தையும் துளைத்துவிட்டுக் கீழடுக்கை மட்டும் விட்டுவிடும் முறையும் உண்டு. அது சுலபம், நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஸ்டான்ஷன் போல நெம்புகோல் சுமை வரும் இடத்தில் மேலடுக்கைக் குறைவாக வெட்டும் ஆலன் கீ முறைதான் எனக்குப் பிடிக்கும்.

கீழே ஓட்டையை பேக்கிங் டேப்பால் அடையுங்கள். நன்றாக அழுத்தி ஒட்டி, அதன் மேல் இன்னொன்றும் போடுங்கள். எபாக்ஸி தண்ணீரைவிட தந்திரமாக வழி கண்டுபிடிக்கும், அடியில் உள்ள மெத்தையை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் வெறும் எபாக்ஸியைச் சிரிஞ்சால் ஊற்றி மரத்தின் ஓரங்களை நனைய விடுங்கள். பால்சா ஸ்பான்ஜ் போல இழுக்கும். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். இழுப்பது நின்றதும் மிச்சத்தைச் சிரிஞ்சாலேயே உறிஞ்சி எடுத்துவிட்டு, சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை நிரப்புங்கள். முதல் ஊற்று நெய் போல, இரண்டாவது இட்லி மாவுப் பதம். தோசை மாவாக இருந்தால் வழிந்துவிடும், சப்பாத்தி மாவாக இருந்தால் மூலைக்குப் போகாமல் காற்றுக் குமிழை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மேல்மட்டம் இறங்கியிருக்கும், திரும்பவும் நிரப்புங்கள்.

எபாக்ஸி பற்றி இரண்டு எச்சரிக்கை. விகிதத்தைக் கண்ணளவில் போடாதீர்கள். வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு 205 அல்லது 206 ஹார்டனர் என்றால் ஐந்துக்கு ஒன்று. அதே ரெசினுக்கு 207 அல்லது 209 என்றால் மூன்றுக்கு ஒன்று. 'சீக்கிரம் இறுகட்டும்' என்று ஹார்டனரைக் கூட்டிப் போட்டால் சாகும் வரை பிசுபிசுவென்றே இருக்கும். இன்னொன்று குளிர். ஒன்டாரியோவில் மே மாதம் படகை இறக்குவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்யப் பார்ப்பீர்கள். 206க்குக் குறைந்தது 16 டிகிரி வேண்டும், 205 நாலு டிகிரி வரைக்கும் தாங்கும். எதுவாக இருந்தாலும் கோப்பையில் நிறையக் கலந்து வைக்காதீர்கள். குவிந்திருக்கும் எபாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். நான் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை உருக்கியிருக்கிறேன். ஒரு தடவைக்கு நாலு ஓட்டைக்கு வேண்டியது மட்டும் போதும்.

மறுநாள் இறுகிய கட்டிக்கு நடுவில் துளை போடுங்கள், கால் அங்குல போல்டுக்கு அதைவிட மயிரளவு பெரிதாக. ஸ்டான்ஷன் தகட்டையே வைத்து நடுவைக் குறித்துக்கொண்டால் தப்பாது. பிறகு மேல் விளிம்பை கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சாய்த்து விடுங்கள், போல்டைச் சுற்றிச் சின்னப் புனல் போல. இரண்டு நிமிட வேலை, பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். தட்டையான டெக்குக்கும் தட்டையான தகட்டுக்கும் நடுவே உள்ள பசை இறுக்கும்போது முழுக்கப் பிதுங்கி வெளியே போய்விடும். புனலுக்குள் போனது போக இடமில்லாமல் அங்கேயே போல்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போலத் தங்கும். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது அந்த வளையம்தான். டிரில்லை முதலில் எதிர்த்திசையில் கொஞ்சம் சுற்றவிட்டு ஆரம்பித்தால் ஜெல்கோட் சில்லு பெயராது.

அடுத்தது அசைவு. ஒழுகலின் பாதிக் காரணம் பசையின் குறை இல்லை, பொருள் ஆடுவதுதான். உங்கள் ஸ்டான்ஷன் சுமார் 60 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அடித்தகட்டின் போல்ட்கள் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். பத்துக்கு ஒன்று நெம்புகோல். படகில் ஏறுகிறவர் மேல்முனையைப் பிடித்து 40 கிலோ அளவுக்கு இழுத்தால் தோராயமாக 400 கிலோ அடியில் போல்ட்களைப் பிடுங்கப் பார்க்கிறது. ஏறும் எல்லோரும் அதைத்தான் பிடித்து ஏறுகிறார்கள். 'ஸ்டான்ஷனைப் பிடிக்காதீங்க' என்று எத்தனை தடவை சொன்னாலும் விருந்தாளி கை முதலில் அங்கேதான் போகும்.

பழைய படகுகளில் பல இடங்களில் கீழே வெறும் வாஷர் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது மெல்லிய கீழடுக்கில் அமுங்கி, மேலே தகடு நூலளவு எழும்பி, தண்ணீரை ஒரு மிடறு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கீழே ஒரு தாங்கு தகடு வேண்டும். கால் அங்குல ஜி10 தகடு என்றால் என் ஓட்டு அதற்குத்தான். கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்த்து அழுத்திச் செய்தது, துருப்பிடிக்காது, ரம்பத்தில் அறுக்கலாம். தூள் மட்டும் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம். அலுமினியமும் நல்லதே, ஸ்டெய்ன்லெஸ் போல்ட் தொடும் இடத்தில் டெஃப்ஜெல் மாதிரி அரிப்பைத் தடுக்கும் களிம்பு ஏதாவது தடவ வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஏரியின் நன்னீரில் இது மெதுவாக நடக்கும், கடலில் சீக்கிரம். தகடு மேலே உள்ள அடித்தகட்டைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும், மூலைகளை உருட்டிவிடுங்கள். டெக்கின் அடிப்பக்கம் கரடுமுரடாக இருக்கும், தகடு இரண்டு புள்ளியில்தான் தொடும். கெட்டி எபாக்ஸி தடவி அதில் பதித்துவிட்டால் சுமை முழுப் பரப்புக்கும் போகும்.

கீழ்ப்பக்கம் நட்டைச் சுற்றிப் பசை போடாதீர்கள். 'இரட்டைப் பாதுகாப்பு' என்று தோன்றும். மேலே என்றைக்காவது விட்டுப்போனால் கீழே சொட்டித்தான் உங்களுக்குச் சேதி வர வேண்டும். அந்த வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் போல்டைச் சுற்றியே நின்று, காற்றில்லாமல், முன்னே சொன்ன அந்த அரிப்பை ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. மரக்கலங்களில் பலகைகளுக்கு இடையே நார் திணித்து அடிப்பதை நம் கரையில் கலப்பத்து என்பார்கள், போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மாதிரி மரக்கலம் நனைந்தால் பலகை உப்பித் தன் இடுக்கைத் தானே கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். ஒழுகினாலும் அடித்தளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தே தெரிந்துவிடும். நம்முடைய சாண்ட்விச் டெக்குக்கு அந்த நாணயம் கிடையாது, பத்து வருடம் மூச்சு விடாமல் மறைத்து வைத்திருக்கும்.

இப்போது பசைக்கு வரலாம். ஸ்டான்ஷன், கயிறு கட்டும் கிளீட், முன்பாயின் கயிற்றுக்கான ஜெனோவா டிராக், கண்வளையம் எல்லாவற்றுக்கும் நான் பியூட்டைல் டேப்தான் போடுகிறேன். சாம்பல் நிறத்தில் சுருளாக வரும், சூயிங்கம் போல இழுபடும், என்றைக்கும் இறுகாது. அதுதான் அதன் பலம். தகடு கொஞ்சம் அசைந்தாலும் கூடவே நீண்டு சுருங்கும். இருபது வருடம் கழித்துக் கழற்ற நினைத்தாலும் கழற்றலாம். கேரவன் கடைகளில் பார்ப்பதற்கு இதே மாதிரி புட்டி டேப் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அது சில வருடத்தில் காய்ந்து வெடிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கையில் இழுத்துப் பாருங்கள். நல்ல பியூட்டைல் நூலாக நீளும், மற்றது பொட்டென்று அறுந்துவிடும். பியூட்டைலுக்கு ஆகாத இடங்களும் உண்டு. பெட்ரோல், டீசல் பட்டால் கரையும், ஆகவே எரிபொருள் ஊற்றும் வாய்க்கு வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிசல்ஃபைடு நல்ல பசை, தேக்கு டெக் இடுக்குகளுக்கு அதுதான், எரிபொருள் வாய்க்கும் ஆகும். ஆனால் அக்ரிலிக், லெக்ஸான் போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், ஜன்னல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பாலியூரித்தேனில் 3எம் 4200, சிகாஃப்ளெக்ஸ் 291 போன்றவை கழற்ற முடிகிற ரகம், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகளுக்கும் ஓட்டைகளுக்கும் சரி. 5200 ஹல் என்ற படகின் அடிக்கூட்டையும் டெக்கையும் சேர்க்கும் விளிம்பு போன்ற இடத்துக்கு, வாழ்நாளில் பிரிக்கப் போவதில்லை என்றால் மட்டும். சிலிக்கான் டெக்கில் எனக்கு எங்கேயும் வேண்டாம்.

பியூட்டைல் வைக்கும் நாள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும். டெக்கையும் தகட்டின் அடியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தகட்டின் அடி முழுக்க டேப்பை ஒட்டுங்கள், இடைவெளி விடாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல். முறுக்குக்கு உருட்டுவது போல ஒரு மெல்லிய திரியாக உருட்டி ஒவ்வொரு போல்ட் தலைக்கு அடியிலும் கழுத்தைச் சுற்றிக் கூம்பாக வையுங்கள், புனலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போல்டை இறக்கியதும் மேலே இருப்பவர் ஸ்க்ரூடிரைவரால் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. திருப்புவது கீழே நட்டை மட்டும். தலையைச் சுழற்றினால் அந்த வளையம் முறுக்கிப் பிய்ந்துவிடும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்) வேகமாக ஸ்பேனர் போட்டுச் சுற்றினால் ஸ்டெய்ன்லெஸ் மரையும் ஸ்டெய்ன்லெஸ் மரையும் கடித்துக்கொண்டு பாதியில் இறுகிப்போகும், அப்புறம் முன்னேயும் வராது பின்னேயும் போகாது. மரையில் ஒரு துளி கிரீஸ் தடவிக் கையடக்கமாகச் சுற்றுங்கள்.

ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். பியூட்டைல் மெதுவாகத்தான் நகரும். கால் சுற்று, ஒரு காபி, இன்னொரு கால் சுற்று. ஓரத்தில் பிதுங்குவதை விட்டுவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறியதும் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். அடுத்த வாரம் ஒருமுறை. பிதுங்குவது முழுக்க நின்றதும் பிளாஸ்டிக் கத்தியால் ஓரத்தை வெட்டி எடுத்துவிடலாம். பாலியூரித்தேன் போட்டவர்கள் 'முதலில் கையால் மட்டும் இறுக்கு, ஒரு வாரம் கழித்து முழுசாக இறுக்கு' என்று ஒரு முறை சொல்வார்கள். கேஸ்கெட் போல ஆகும் என்பது கணக்கு. ஒரு வாரம் கழித்து இறுக்கும்போது போல்டும் சேர்ந்து நூலளவு திரும்பினால் காய்ந்த பசை அறுந்துவிடுகிறது, அதனால் அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பசை என்றால் ஒரு மில்லிமீட்டர் படலம் மிஞ்சும் அளவுக்கு ஒரே தடவையில் இறுக்கிவிட்டு விட்டுவிடுங்கள்.

ஸ்டான்ஷனை முடித்துவிட்டு 'அப்பாடா' என்று உட்காருவதற்கு முன்னால் செயின்பிளேட்களைப் பாருங்கள். மாஸ்டை, அதாவது பாய்மரத் தூணை, பிடித்து நிற்கும் கம்பிகள் டெக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கும் அந்த உலோகப் பட்டைகளைத்தான் சொல்கிறேன். இந்த வயதுப் படகில் எனக்கு ஸ்டான்ஷனைவிட அதுதான் பயம். டெக்கில் ஒரு நீளத் துவாரம், அதன் மேல் ஒரு மூடித்தகடு. பாய் இழுக்கும்போதெல்லாம் பட்டை துவாரத்துக்குள் கொஞ்சம் அசையும், எந்தப் பசையும் அங்கே நிரந்தரம் இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிப் புதுசாகப் போட வேண்டும். துவாரத்தின் உள்விளிம்பில் மரம் தெரிந்தால் சுரண்டி எபாக்ஸி. பட்டை டெக்கைக் கடக்கும் அந்த அரை அங்குலத்தில்தான் அரிப்பு ஒளிந்திருக்கும், வெளியே எடுத்தால் மட்டுமே தெரியும். அங்கே ஒரு கீறல் கண்டால் பசையைப் பற்றிய பேச்சு முடிந்தது, பட்டையை மாற்றுங்கள்.

புதிதாகக் கப்பி ஏதாவது மாட்டப் போகிறீர்கள் என்றால் சுமையை முதலில் கணக்குப் போடுங்கள். கயிறு ஒரு கப்பியில் போய் அப்படியே திரும்பி வந்தால் கயிற்றில் உள்ள இழுப்பைப் போல இரண்டு மடங்கு அந்தக் கப்பியின் போல்டுக்கு. செங்கோணமாகத் திரும்பினால் சுமார் 1.4 மடங்கு. மாஸ்ட் அடியில் உள்ள சின்னக் கப்பிகள் பிடுங்கிக்கொள்வதற்கு இந்தக் கணக்கை மறந்ததும் ஒரு காரணம்.

கடைசியாக, எந்த ஸ்டான்ஷன் ஒழுகுகிறது என்று நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்கள், எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். உள்கூரைக்கு மேலே ஓடி, வசதியான இடத்தில் விழும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஹேட்ச் (டெக்கில் உள்ள திறப்பு), ஜன்னல், காற்றுத்துவாரம் எல்லாவற்றையும் மூடி டேப் போட்டுவிட்டு, கேபின் வாசலில் ஓர் அட்டையை அடைத்து, அதில் ஓட்டை போட்டு, இலை ஊதும் இயந்திரத்தின் மூக்கை உள்ளே விட்டு மெதுவாக ஊதுங்கள். பேட்டரியில் ஓடும் ரகமாக இருக்கட்டும், பெட்ரோல் ரகம் வேண்டாம். யாராவது ஒருவர் டெக்கில் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே அடித்துக்கொண்டே வரட்டும். சைக்கிள் கடையில் டியூபை வாளியில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். நுரை கொப்பளிக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். நான் முதல் தடவை செய்தபோது நான் சந்தேகப்பட்ட ஸ்டான்ஷனில் ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டடி முன்னால், நான் எட்டிக்கூடப் பார்க்காத கைப்பிடிக் கட்டையின் ஸ்க்ரூ ஒன்றில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டையில் மொத்தம் பன்னிரண்டு ஸ்க்ரூ, பன்னிரண்டையும் கழற்றினேன், ஒன்பதில் டீத்தூள்.